கம்பெனி ஊரில் வீடு எங்கே பார்ப்பது?

வேலை கிடைத்துவிட்டது. ஊர் புதிது. அந்த ஊரில் யாரை விசாரித்தாலும் அதே கம்பெனியில் வேலை பார்ப்பவராக இருக்கிறார், அல்லது பார்த்து ஓய்வு பெற்றவராக, அல்லது அங்கே வேலை பார்ப்பவர்களை நம்பிக் கடை வைத்திருப்பவராக. கம்பெனி குவார்ட்டர்ஸ் தருகிறேன் என்கிறது. வேண்டாமென்றால், வெளியே வாடகைக்கு எடுக்க வீட்டுப்படி. ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் போடும் கணக்கு இரண்டே வரிதான்: வாடகை எவ்வளவு, ஆலை எவ்வளவு தூரம்.

பல தொழில் நடக்கும் நகரத்தில் அந்த இரண்டு வரி ஓரளவுக்குப் போதும். கம்பெனி ஊரில் போதாது. அங்கே சம்பளம், வீடு, வீட்டின் விலை, பள்ளி, தண்ணீர், பக்கத்து வீட்டுக்காரரின் பிழைப்பு எல்லாம் ஒரே ஆணியில் மாட்டியிருக்கின்றன. ஆணி உறுதியாக இருக்கும்வரை சௌகரியத்துக்குக் குறைவில்லை. வீடு பார்க்கும்போது உண்மையில் முடிவு செய்வது, அந்த ஆணியில் நம்முடையது இன்னும் எத்தனையை மாட்டப்போகிறோம் என்பதைத்தான்.

எது கம்பெனி ஊர்?

மூன்று வகையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். மூன்றிலும் ஆபத்து ஒரே மாதிரி இல்லை.

1. நிலமும் வீடும் கம்பெனியின் கையில் இருக்கும் ஊர். இங்கிலாந்தில் டைட்டஸ் சால்ட் தன் கம்பளி ஆலைக்காக 1850-களில் கட்டத் தொடங்கிய சால்டேர், சிகாகோவுக்குத் தெற்கே ரயில் பெட்டி முதலாளி ஜார்ஜ் புல்மன் 1880-களில் கட்டிய புல்மன் நகரம், இரும்பாலைக்காக எழுந்து 1919-ல் ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் பெயரைப் பெற்ற ஜாம்ஷெட்பூர் ஆகியவை இந்த வகையில் பிறந்தவை.

2. ஊர் தனி நிர்வாகம், ஆனால் வேலை ஒரே இடத்தில். ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் 1938-ல் கார் ஆலைக்காகவே உருவானது. இன்றும் ஃபோக்ஸ்வாகன் இல்லாமல் அந்த ஊரை நினைத்துப் பார்க்க முடியாது. ஜப்பானில் கொரோமோ என்ற ஊர் 1959-ல் தன் பெயரையே டொயோட்டா என்று மாற்றிக்கொண்டது. வீட்டை யாரிடமும் வாங்கலாம், யாருக்கும் விற்கலாம். வாங்க வருகிறவர் எல்லாரும் ஒரே இடத்தில் சம்பளம் வாங்குகிறவர், அவ்வளவுதான்.

3. பல கம்பெனிகள், ஒரே தொழில். டெட்ராய்ட் இதற்குப் பெயர்போன உதாரணம். மூன்று பெரிய கார் கம்பெனிகள் இருந்ததால் ஒன்று போனால் இன்னொன்று என்ற தைரியம் அங்கே இருந்தது. கார் தொழிலே ஆட்டம் கண்டபோது மூன்றும் சேர்ந்தே ஆடின. பலருக்கு ஏமாற்றமாக முடிவது இந்த வகைதான். பெயர்ப் பலகைகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறோம்.

உங்களுக்கு வேலை கிடைத்த ஊர் எந்த வகை என்று தெரிந்தாலே, கேட்கவேண்டிய கேள்விகளில் பாதி தானாக வந்துவிடும்.

கம்பெனி ஏன் வீடு கட்டுகிறது?

தாது கிடைக்கும் இடத்தில்தான் சுரங்கம் தோண்ட முடியும். அங்கே ஊர் இருக்காது. ஆள் வரவேண்டும் என்றால் கூரை வேண்டும். ஆரம்பம் இவ்வளவுதான். அதற்கப்புறம் இன்னொரு லாபமும் கம்பெனிக்குத் தெரியவந்தது: வீட்டுக்கும் வேலைக்கும் முடிச்சுப் போட்டுவிட்டால் ஆள் எளிதில் வேறு இடம் போகமாட்டார்.

புல்மன் நகரத்தில் நடந்ததை இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. செங்கல் வீடு, குழாய்த் தண்ணீர், பூங்கா, நூலகம் என்று அந்தக் காலத்துக்கு மிகச் சிறந்த தொழிலாளர் குடியிருப்பு அது. பார்க்க வந்தவர்கள் வியந்து எழுதினார்கள். 1893-ல் அமெரிக்காவில் பொருளாதார மந்தம் வந்தது. கம்பெனி சம்பளத்தை ஏறத்தாழ கால் பங்கு வெட்டியது. வாடகையை மட்டும் குறைக்கவில்லை. சம்பளம் தரும் முதலாளி நஷ்டக் கணக்குக் காட்டினார், வாடகை வாங்கும் முதலாளி லாபக் கணக்கு எழுதினார். இருவரும் ஒரே ஆள். 1894 மே மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் நாட்டின் பெரும்பகுதியில் ரயில் போக்குவரத்தையே முடக்கியது. பிறகு விசாரித்த அரசுக் குழு, அதே தரத்து வீட்டுக்கு வெளியே உள்ளதைவிட அங்கே 20 முதல் 25 சதவீதம் வாடகை அதிகம் என்று பதிவு செய்தது. 1898-ல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம், ரயில் பெட்டி செய்ய அனுமதி பெற்ற கம்பெனிக்கு ஊர் நடத்த அதிகாரமில்லை, வீடுகளை விற்றுவிடு என்று உத்தரவிட்டது.

இங்கிலாந்தில் போர்ன்வில் வேறு வழியில் போனது. சாக்லேட் ஆலைக்குப் பக்கத்தில் ஜார்ஜ் காட்பரி கட்டிய அந்தக் குடியிருப்பு, 1900-ல் கம்பெனியிலிருந்து பிரித்து ஒரு அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆலையில் வேலை செய்யாதவர்களும் அங்கே குடியிருந்தார்கள். வீட்டுச் சாவியும் சம்பளக் கவரும் வெவ்வேறு கையில் இருந்தன. இரண்டு ஊரிலும் நல்ல வீடுதான். வாடகைக்காரரின் நிலைமை மட்டும் வேறு.

குவார்ட்டர்ஸ்: உண்மையான வாடகை எவ்வளவு?

கம்பெனி வீடு மலிவு என்பது பொதுவான நம்பிக்கை. பல நேரம் உண்மையும்கூட. ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது.

சம்பளம் 100 என்று வையுங்கள். வெளியே தங்கினால் வீட்டுப்படி 20 கிடைக்கும். குவார்ட்டர்ஸ் எடுத்தால் அந்த 20 நின்றுவிடும். பராமரிப்பு என்று 3 பிடிப்பார்கள். பல நாடுகளில் கம்பெனி தரும் வீட்டின் மதிப்பையும் வருமானமாகக் கருதி வரி போடுகிறார்கள், அதற்கு 1. ஆக, அந்த வீட்டுக்கு நீங்கள் கொடுப்பது 24. சம்பளச் சீட்டில் தெரிவதோ 3. வெளியே அதே அளவு வீடு 18-க்குக் கிடைத்தால் குவார்ட்டர்ஸ்தான் விலை அதிகம். 30 என்றால் குவார்ட்டர்ஸ் எடுப்பதே புத்திசாலித்தனம். ஒப்பிடவேண்டியது 3-ஐ அல்ல, 24-ஐ.

அடுத்தது சட்ட நிலை. வாடகைக்கு வீடு எடுத்தவருக்குப் பெரும்பாலான நாடுகளில் சில பாதுகாப்புகள் உண்டு: முன்னறிவிப்பு, காலக்கெடு, நீதிமன்றம் போகும் வழி. வேலையின் காரணமாக வீட்டில் இருப்பவரைச் சட்டம் பல இடங்களில் வாடகைதாரராகவே பார்ப்பதில்லை. வேலை இருக்கும்வரை தங்க அனுமதி பெற்றவர், அவ்வளவே. வேலை முடிந்தால் அந்த அனுமதியும் முடிகிறது. அதனால் கையெழுத்துப் போடும் தாளில் பார்க்கவேண்டிய இடங்கள் இவை:

1. ராஜினாமா செய்தால் எத்தனை நாளில் காலி செய்யவேண்டும்? கம்பெனியே வேலையை விட்டு நீக்கினால் எத்தனை நாள்? இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.
2. பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை தங்க வழி உண்டா?
3. ஊழியர் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு எவ்வளவு அவகாசம்?
4. காலக்கெடுவைத் தாண்டினால் அபராத வாடகை எவ்வளவு? அதைக் கடைசிக் கணக்கில் வரவேண்டிய பணத்திலிருந்து பிடிக்க முடியுமா?
5. வேறு கிளைக்கு மாற்றினால் குடும்பம் இங்கேயே இருக்கலாமா?

நான்காவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. வேலை போன மாதத்தில் கையில் இருக்கவேண்டிய ஒரே தொகை அந்தக் கடைசிக் கணக்குப் பணம்தான். அதையும் வீட்டுக்காகப் பிடித்துவைத்தால், இறங்கிப் போராடக்கூட ஆளுக்குத் தெம்பு இருக்காது.

ஊரை நடத்துவது யார்?

குப்பை எடுக்கவில்லை. யாரிடம் சொல்வது? சாதாரண ஊரில் நகராட்சி இருக்கிறது. வேலை நடக்காவிட்டாலும் அடுத்த தேர்தலில் கோபத்தைக் காட்டலாம். முதல் வகைக் கம்பெனி ஊரில் புகார் போய்ச்சேரும் இடம் கம்பெனியின் ஒரு பிரிவு. வேலை பல நேரம் நகராட்சியைவிட வேகமாகவே நடக்கும். ஆனால் புகார் கொடுத்தவர் அந்தக் கம்பெனியின் ஊழியர் என்பதும் பதிவாகும்.

கம்பெனிக்குச் சொந்தமான தெருவில் பொதுத் தெருவுக்குரிய உரிமைகள் உண்டா என்ற கேள்வி அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம்வரை போனது. அலபாமாவில் ஒரு கப்பல் கட்டும் கம்பெனிக்குச் சொந்தமான சிக்கசா என்ற ஊரில், நடைபாதையில் மதப் பிரசுரம் விநியோகித்த ஒரு பெண்ணைக் கைது செய்தார்கள். இது தனியார் இடம் என்பது வாதம். 1946-ல் வந்த தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஊர்போல் இயங்கும் இடத்தில் பேச்சுரிமையும் வழிபாட்டுரிமையும் செல்லும் என்றது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் நடைபாதையில் நின்று ஒரு தாளைக் கொடுக்க நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது என்பதையும் கவனிக்கவேண்டும்.

தண்ணீர், மின்சாரம், சூடேற்றும் வசதி எங்கிருந்து வருகின்றன என்பது இன்னும் அவசரமான கேள்வி. ரஷ்யாவில் ஒரே தொழிற்சாலையை நம்பிய ஊர்களுக்கு அரசே தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. 300-க்கும் மேற்பட்ட ஊர்கள் அதில் உண்டு. அதில் ஒன்று பிக்கல்யோவோ. 2009-ல் அங்கே ஆலைகள் நின்றன. வேலை போனது ஒரு அடி. ஆலையின் அனல் நிலையம்தான் ஊர் முழுவதற்கும் சுடுநீர் கொடுத்துவந்தது. எரிவாயு பாக்கி கட்டாததால் அதுவும் நின்றது. ஆலையில் ஒருநாளும் வேலை செய்யாத வீட்டிலும் குழாய் சில்லிட்டது. ஜூன் மாதம் மக்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். இரண்டு நாளில் அப்போதைய பிரதமர் புடின் நேரில் வந்து, தொலைக்காட்சி கேமராக்களின் முன்னால் ஆலை முதலாளியைக் கையெழுத்துப் போடவைத்துவிட்டு, பேனாவைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லா ஊருக்கும் பிரதமர் வரமாட்டார். ஆகவே வீடு பார்க்கும்போது கேட்கவேண்டியது: இந்தத் தெருவின் தண்ணீரும் மின்சாரமும் கம்பெனி வேலிக்குள்ளிருந்து வருகின்றனவா, பொது இணைப்பிலிருந்து வருகின்றனவா? வேலிக்கு வெளியே நூறு அடி தள்ளி இருக்கும் வீட்டுக்கு விடை மாறலாம்.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது?

வீட்டு விளம்பரத்தில் இது வராது. வரைபடத்தில் ஆலைக்கு வடக்கே இரண்டு கிலோமீட்டரும் தெற்கே இரண்டு கிலோமீட்டரும் ஒன்றுபோலத் தெரியும். மூச்சுக்கு அப்படி இல்லை.

இங்கிலாந்தின் பழைய தொழில் நகரங்களில் கிழக்குப் பகுதிகள் ஏழைகளின் பகுதிகளாக இருப்பதைப் பொருளியல் ஆய்வாளர்கள் புகையோடு தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். புகைபோக்கிகளின் புகை கிழக்கே போனது. வசதியுள்ளவர்கள் மேற்கே நகர்ந்தார்கள். புகை நின்று வெகுகாலம் ஆன பிறகும் அந்தப் பிரிவினை பல நகரங்களில் அப்படியே நிற்கிறது.

பள்ளத்தாக்கில் இருக்கும் ஆலை என்றால் தூரத்தை நம்பிப் பயனில்லை. 1948 அக்டோபரில் பென்சில்வேனியாவின் டொனோராவில், துத்தநாக ஆலையும் எஃகு ஆலையும் விட்ட புகை மேலே போக வழியில்லாமல் பள்ளத்தாக்கிலேயே நாள்கணக்கில் தேங்கியது. மேலே வெப்பக் காற்று, கீழே குளிர்ந்த காற்று. மூடி போட்ட பாத்திரம் மாதிரி. 20 பேர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் நோயில் விழுந்தார்கள்.

பக்கத்து விமான நிலையமோ வானிலை நிலையமோ ஆண்டு முழுவதுமான காற்றுத் திசையைப் பதிவு செய்திருக்கும். அதைப் பார்க்கலாம். இன்னும் எளிய வழி: வீடு பார்க்கப் போகும்போது ஒரு வெள்ளைத் துணியை எடுத்துப் போய் ஜன்னலின் வெளி விளிம்பைத் துடையுங்கள். சிவப்புத் தூசியா, கரியா, வெறும் மண்ணா என்று துணி சொல்லும். மொட்டை மாடியிலோ கொல்லையிலோ வெள்ளை உடைகளைக் காயப்போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒரு தெரு முழுக்க அடர்நிறத் துணிகளாகவே காய்ந்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

சுரங்க ஊரில் காற்றோடு நிலமும் சேர்ந்துகொள்கிறது. ஸ்வீடனின் கிருனாவில் இரும்புத் தாதுச் சுரங்கம் ஊருக்கு அடியில் விரிந்துகொண்டே போனதால், ஊரின் மையத்தையே பல கிலோமீட்டர் தள்ளி மாற்றி அமைத்துவருகிறார்கள். 672 டன் எடையுள்ள மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் சக்கர மேடையில் ஏற்றி 5 கிலோமீட்டர் நகர்த்தினார்கள். பிடுங்கி நடுவதற்கு அங்கே கம்பெனியிடம் பணம் இருக்கிறது, சட்டத்தின் கட்டாயமும் இருக்கிறது. எல்லாச் சுரங்க ஊரிலும் இரண்டும் இருக்காது.

தூரத்தை எப்படி அளப்பது?

மனிதர்கள் போகவர ஒரு நாளில் சராசரியாக ஒரு மணி நேரம் செலவழிக்கிறார்கள், வாகனம் வேகமானால் நேரத்தைக் குறைக்காமல் வீட்டைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-ல் எழுதினார். அதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: ஒரு வழிக்கு அரை மணி என்றால் பெரும்பாலானவர்களால் தாங்கமுடிகிறது.

அதற்கு மேல் போனால் என்ன விலை? ஒரு வழிக்குக் கூடுதலாக 40 நிமிடம், ஆண்டுக்கு 240 வேலை நாள் என்றால் 320 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்ட் கணக்கில் 40 நாள். பக்கத்து நகரத்தில் குடியிருப்பதற்குக் கொடுக்கும் விலை இது. கொடுக்கத் தகுந்த விலையா என்பது அந்த நகரம் எதைத் தருகிறது என்பதைப் பொறுத்தது.

கம்பெனி ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கக்கூடாது, ஷிப்ட் மாறும் நேரத்தில் அளக்கவேண்டும். சங்கு ஊதியதும் இரண்டாயிரம் பேர் ஒரே வாசலில் வெளியே வருகிறார்கள், இன்னும் இரண்டாயிரம் பேர் உள்ளே போகிறார்கள். பத்து நிமிடப் பாதை அப்போது முப்பத்தைந்து நிமிடம் பிடிக்கும். கம்பெனிப் பேருந்து இருந்தால் அதன் கடைசி நிறுத்தம் எது, இரவு ஷிப்ட்டுக்கும் அது ஓடுமா என்று கேளுங்கள். பகல் ஷிப்ட்டுக்கு மட்டும் ஓடும் பேருந்தை நம்பி வீடு எடுத்தவர், மூன்றாம் மாதம் இரவு ஷிப்ட் வந்ததும் வண்டி வாங்குகிறார்.

இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு இன்னொன்றும் உண்டு. பகலில் தூங்கவேண்டும். கம்பெனிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டிலும் அப்படி ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் பதினொரு மணிக்குத் துளைபோடும் இயந்திரத்தை யாரும் எடுப்பதில்லை. பொதுத் தெருவில் இந்த இங்கிதத்தை எதிர்பார்க்க முடியாது. குவார்ட்டர்ஸின் உண்மையான வசதிகளில் இதையும் சேர்க்கவேண்டும்.

அலுவலகம் வீட்டு வாசல்வரை வந்தால்

பல குடியிருப்புகளில் பதவியைப் பார்த்துத்தான் வீடு ஒதுக்குகிறார்கள். எந்தத் தெரு என்று சொன்னால் எந்த கிரேடு என்று தெரிந்துவிடும். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் யாருடைய அறிக்கையைக் குறை சொன்னீர்களோ, அவர் சனிக்கிழமை மாலை பூங்காவில் உங்கள் பிள்ளையின் ஊஞ்சலுக்குப் பக்கத்து ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டிருப்பார். இரண்டு பிள்ளைகளும் ஒரே வகுப்பு. கோபித்துக்கொள்ளக்கூட வேறு ஊருக்குத்தான் போகவேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புதிதாக வந்தவருக்கு ஒரே வாரத்தில் பத்து குடும்பம் பழக்கமாகிறது. நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் போக நான்கு பேர் வண்டி எடுப்பார்கள். தனியாக வருகிறவருக்கும் கைக்குழந்தையோடு வருகிறவருக்கும் முதல் ஆறு மாதம் இது பெரிய உதவி. யாரோடும் கலக்காமல் இருக்க விரும்புகிறவருக்கு அதே ஆறு மாதம் நீளமாகத் தெரியும்.

வாழ்க்கைத்துணையின் வேலை

பொருளியலில் மோனாப்சனி என்றொரு சொல் உண்டு. விற்பவர் ஒருவரே இருந்தால் ஏகபோகம். வாங்குபவர் ஒருவரே இருந்தால் மோனாப்சனி. ஜோன் ராபின்சன் 1933-ல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உழைப்பை வாங்க ஊரில் ஒரே ஆள் இருந்தால், கூலியை நிர்ணயிப்பதும் அவர்தான்.

வேலை கிடைத்து வருகிறவர் சம்பளத்தைப் பேசி முடித்துவிட்டுத்தான் வருகிறார். கூடவே வரும் கணவருக்கோ மனைவிக்கோ அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. அந்த ஊரில் அவர்களுக்கு இருக்கும் வழி பெரும்பாலும் மூன்று: அதே கம்பெனி, அங்குள்ள பள்ளி அல்லது ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் வீட்டிலிருந்தபடி இணையத்தில் செய்யும் வேலை. அதே கம்பெனியில் சேர்ந்தால் இரண்டு சம்பளமும் ஒரே ஆணியில்.

என் கணிப்பில், இருவரும் சம்பாதிக்கவேண்டிய குடும்பம் வீட்டை ஆலை வாசலை மையமாக வைத்துத் தேடக்கூடாது. ஆலைக்கும், வேறு தொழில் இருக்கும் பக்கத்து நகரத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும் அரை மணிக்குள் வரும் இடத்தில் தேடவேண்டும். இரண்டாவது வேலை வேறு வகைச் சம்பளமாக இருப்பது எந்தக் காப்பீட்டையும்விட நல்ல காப்பு.

வாங்கலாமா?

பெரிய தவறு நடக்கும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆண்டுச் சம்பளம் 100. வீட்டின் விலை 500. கையிலிருந்து 100, கடன் 400. மூன்று ஆண்டில் கடன் 375-க்கு இறங்கியிருக்கிறது. அப்போது கம்பெனி ஆலையை மூடுகிறது. பல தொழில் உள்ள நகரத்தில் ஒருவருக்கு வேலை போனால் அவர் வீட்டின் விலை போவதில்லை. விற்றுக் கடனை அடைத்துவிட்டு வேறு ஊர் போகலாம். இங்கே அதே மாதத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள் விற்பனைக்கு வருகின்றன. வாங்கக்கூடியவர்களும் அதே வேலையை இழந்தவர்கள். விலை 500-லிருந்து 325-க்கு இறங்கினால், வீட்டை விற்ற பிறகும் 50 பாக்கி. சேமித்துப் போட்ட 100-ம் போயிற்று. மாதச் சம்பளம் இல்லை. விற்காமல் ஊரைவிட்டுப் போகவும் முடியவில்லை. ஒரே காரணம் இரண்டு இடத்தில் அடிக்கிறது. முதலீட்டில் இதை இணைந்த ஆபத்து என்பார்கள்.

விலை ஏன் அவ்வளவு இறங்குகிறது? வீடு அழியாத பொருள். ஊர் வளரும்போது புது வீடு கட்டுவார்கள், அதனால் விலை ஓரளவுக்கு மேல் ஏறாது. ஊர் தேயும்போது இருக்கும் வீட்டை யாரும் மடித்து எடுத்துப் போகமுடியாது. ஆள் குறைகிறது, வீடு குறைவதில்லை. விலை கட்டுமானச் செலவுக்கும் கீழே போகும், அங்கேயே வெகுகாலம் கிடக்கும்.

ஓஹையோவின் யங்ஸ்டவுனில் 1977 செப்டம்பர் 19 அன்று பெரிய எஃகு ஆலை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 1970-ல் ஏறத்தாழ 1,40,000 பேர் இருந்த நகரத்தில் 2020-ல் 60,000 பேர்தான். காலி வீடுகளை இடிப்பதே நகராட்சிக்கு ஒரு தனி வேலையாகிவிட்டது.

சியாட்டிலில் கதை வேறு மாதிரி முடிந்தது. போயிங் 1960-களின் இறுதியில் அங்கே சுமார் ஒரு லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. 1971-ல் அது 40,000-க்கும் கீழே வந்தது. கடைசியாக ஊரைவிட்டுப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்று ஒரு விளம்பரப் பலகை அப்போது எழுந்தது. அதை வைத்த இருவரும் வீடு, மனை விற்பனைத் தொழிலில் இருந்தவர்கள். ஊரின் புலம்பலைக் கிண்டல் செய்யத்தான் வைத்தார்களாம். துறைமுகம், பல்கலைக்கழகம், பின்னால் வந்த மென்பொருள் தொழில் எல்லாம் சேர்ந்து நகரத்தைத் தூக்கிவிட்டன. காத்திருக்க முடிந்தவர்கள் தப்பித்தார்கள். வேலையும் இல்லாமல் தவணையும் கட்டிக்கொண்டு எத்தனை பேரால் காத்திருக்க முடியும்?

விலை மேலே போகும்போதும் பொறி உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லண்டில் இரும்புத் தாது ஏறுமுகத்தில் இருந்த 2010-களின் தொடக்கத்தில், சாதாரண வீட்டின் விலை பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. சில ஆண்டுகளில் கட்டுமானப் பணிகள் முடிந்தன, ஆட்கள் விமானம் ஏறினார்கள், விலை பாதிக்கும் கீழே போயிற்று. சுரங்கம் மூடவே இல்லை. தாது வெட்டுவதும் நிற்கவில்லை. சுரங்கத்தைக் கட்டத் தேவைப்பட்ட ஆட்கள் அதை ஓட்டத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். புது ஆலை எழும் ஊருக்குக் குடிபோகிறவர்கள் இதை மறக்கக்கூடாது: கட்டும் காலத்து வாடகை, ஓடும் காலத்து வாடகை அல்ல.

இத்தனைக்கும் பிறகு வாங்கத்தான் வேண்டுமென்றால், இந்த நான்கையும் சரிபார்க்கலாம்.

1. நிலம் யாருடையது? வீடு நம்முடையதாகவும் நிலம் குத்தகையாகவும் இருக்கலாம். ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஸ்டீலுக்கு மாநில அரசு 2005-ல் புதுப்பித்துக் கொடுத்த நிலக் குத்தகை, 1996 முதல் கணக்கிட்டு 30 ஆண்டுகளுக்கு, அதாவது 2025 முடியும்வரைதான் இருந்தது. குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம் என்பது வங்கி கேட்பதற்கு முன்னால் நாம் கேட்கவேண்டிய கேள்வி.
2. அந்தக் கம்பெனியில் வேலை பார்க்காத ஒருவர் இந்த வீட்டை வாங்க ஏதாவது காரணம் உண்டா? ஒன்றுகூடத் தோன்றவில்லை என்றால் வாடகைக்கே இருங்கள்.
3. கம்பெனி வெளியேறினால் வீட்டைத் திரும்ப வாங்கும் என்று எழுத்தில் உத்தரவாதம் உண்டா? கிருனாவில் சுரங்கக் கம்பெனி, இடம்பெயர வேண்டிய வீட்டுக்காரர்களுக்குச் சந்தை மதிப்போடு 25 சதவீதம் சேர்த்துத் தருகிறது, அல்லது புது வீடு தருகிறது. வாய்மொழியாகச் சொல்வதை உத்தரவாதம் என்று எண்ணவேண்டாம்.
4. அதே கம்பெனியின் பங்குகளும் கையில் இருக்கின்றனவா? இருந்தால் முதலில் அவற்றைக் குறையுங்கள். சம்பளம், வீடு, சேமிப்பு மூன்றையும் ஒருவரிடமே கொடுத்துவைப்பது விசுவாசமாக இருக்கலாம், கணக்காக இருக்காது.

ஊரின் ஆயுளைக் கணிப்பது

கம்பெனியின் ஆண்டறிக்கை கம்பெனியின் ஆரோக்கியத்தைச் சொல்லும், ஊரின் ஆரோக்கியத்தைச் சொல்லாது. லாபத்தில் ஓடும் கம்பெனியும் ஓர் ஆலையை மூடும். ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு இடங்களில் பார்க்கவேண்டும்.

சுரங்கம் என்றால் மிச்சமிருக்கும் தாது எத்தனை ஆண்டுக்கு. ஆலை என்றால் கடைசியாகப் பெரிய இயந்திரம் எப்போது வந்தது. பத்து ஆண்டாகப் பழுதுபார்ப்பு மட்டுமே நடக்கிறது என்றால் அந்த ஆலையில் யாரும் எதிர்காலத்தைப் பார்க்கவில்லை. ஊரில் இருப்பது தலைமையகமும் ஆய்வகமுமா, அல்லது எங்கேயோ எடுக்கும் முடிவின்படி ஓடும் கிளையா என்பதும் முக்கியம். நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவன், பிலிப்ஸ் நிறுவனத்தின் ஊர். 1990-களில் ஆட்குறைப்பு நடந்தது, தலைமையகமும் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது. ஆனால் பிலிப்ஸின் ஆய்வகங்களில் வளர்ந்த திறமை அங்கேயே தங்கியது. பிலிப்ஸும் இன்னொரு நிறுவனமும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய ஏஎஸ்எம்எல், இன்று பக்கத்து வெல்ட்ஹோவனிலிருந்து உலகத்தின் சிப் ஆலைகளுக்கெல்லாம் இயந்திரம் அனுப்புகிறது. வெறும் அசெம்ப்ளி வேலை மட்டும் நடந்த ஊருக்கு இப்படி ஒரு இரண்டாம் வாழ்க்கை கிடைப்பது அரிது.

பள்ளியில் முதல் வகுப்புச் சேர்க்கை ஐந்து ஆண்டாக ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல அறிகுறி, அந்தக் கம்பெனியில் ஓய்வு பெற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது. வேலை முடிந்தபின் அங்கே தங்கவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இருந்தும் தங்கியிருந்தால், ஊருக்குக் கம்பெனியைத் தாண்டிய ஒரு பிடிப்பு இருக்கிறது. ஓய்வு பெற்ற மறுமாதமே எல்லாரும் லாரி பிடித்தால், அது தங்கும் விடுதி, கொஞ்சம் பெரிய விடுதி.

முதல் ஆண்டில் என்ன செய்வது?

இத்தனை கேள்விக்கும் ஏழு நாளில் விடை கிடைக்காது. ஊரின் எல்லாப் பருவத்தையும், காற்றின் எல்லாத் திசையையும், குறைந்தது ஒரு ஷிப்ட் சுழற்சியையும் பார்த்த பிறகே நீண்ட முடிவு எடுக்க முடியும். ஆகவே முதல் ஆண்டுக்கு எடுக்கவேண்டியது, திரும்பி வரக்கூடிய முடிவு.

எது திரும்பி வரக்கூடியது என்பது கம்பெனியின் விதிகளைப் பொறுத்தது. பல இடங்களில் குவார்ட்டர்ஸை எடுத்துவிட்டுப் பிறகு வெளியே போவது எளிது, ஒரு விண்ணப்பம் போதும். முதலிலேயே வேண்டாம் என்றுவிட்டுப் பிறகு கேட்டால் காத்திருப்போர் பட்டியலின் கடைசியில் பெயர் ஏறும். சில இடங்களில் நேர்மாறாக, குவார்ட்டர்ஸ் எடுத்தவர் மூன்று ஆண்டுக்குள் வெளியே போனால் வீட்டுப்படி கிடையாது. எச்.ஆர். அனுப்பிய கடிதத்தில் இது இருக்காது. குடியிருப்பு ஒதுக்கீட்டு விதி என்று தனியாக ஒரு தாள் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, ஏழாம் நாள் பதில் அனுப்பலாம்.